விளம்பரப் பலகைகளும் பொய் விளம்பரங்களும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சந்திகளில் எழும் பலகைகள், மின்கம்பங்களில் தொங்கும் பதாதைகள், கடை வாசலில் எழுதியிருந்தது ஒன்றும் பெட்டிக்குள் இருந்தது வேறொன்றுமாகிப் போன பொருட்கள் ஆகியவை பற்றி அயலவர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் சட்டத்தரணி அல்ல. ஒரு முறைப்பாட்டைப் பிழையான அலுவலகத்துக்குக் கொண்டுசென்று இரண்டு மாதங்களை இழந்த பின்னரே இவற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். உபவிதிகளும் கட்டணங்களும் சபைக்குச் சபை வேறுபடுவதால், அளவு, கட்டணம் போன்ற விவரங்களை அவரவர் சபையிலேயே கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

எங்கள் சந்தியில் உள்ள ஒரு விளம்பரப் பலகையைப் பற்றி முறையிட வேண்டும். எங்கே போவது?

முதலில் உங்கள் குறை பலகையைப் பற்றியதா, பலகையில் எழுதியிருப்பதைப் பற்றியதா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். பலகை பார்வையை மறைக்கிறது, நடைபாதையை அடைக்கிறது, காற்றுக்கு ஆடுகிறது, அனுமதியின்றி நிற்கிறது என்பவையெல்லாம் இடத்தைப் பற்றிய குறைகள். அவற்றுக்கு யாழ்ப்பாண மாநகர சபையோ, உங்கள் பகுதிக்குரிய நகர சபையோ, பிரதேச சபையோ பொறுப்பு. பலகையில் உள்ள விலை பொய், தரம் பொய், வாக்குறுதி பொய் என்றால் அது சொல்லைப் பற்றிய குறை. அதற்குப் பெரும்பாலும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையே பொறுப்பு. உணவு, மருந்து, வெளிநாட்டு வேலை போன்ற சில விடயங்களுக்கு அவற்றுக்கென்றே தனி நிறுவனங்கள் உள்ளன.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம், முறைப்பாடுகள் பல இந்த இடத்திலேயே வழிதவறிப் போகின்றன என்பதுதான். சபை ஒரு பலகைக்கு அனுமதி கொடுத்தால், அந்த அளவில் அந்த இடத்தில் அது நிற்கலாம் என்பது மட்டுமே அதன் பொருள்; பலகையில் உள்ள சொற்களுக்கு அது நற்சான்றிதழ் ஆகாது. மறுபக்கம், ஒரு விளம்பரத்தின் ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தாலும், அனுமதி இல்லாவிட்டால் அந்தப் பலகை சட்டவிரோதமானதே. இலண்டனில் வாழும் எங்கள் உறவினர்களுக்கும் இதே பிரிவினைதான். அங்கு உள்ளூராட்சி மன்றம் ஒரு விளம்பரப் பலகையைச் சூழலின் அழகு, பொதுப் பாதுகாப்பு என்ற இரண்டு அடிப்படைகளில் மட்டுமே பரிசீலிக்கலாம். விளம்பரத்தின் உண்மை பொய்யை 1962 முதல் வேறொரு அமைப்பு விசாரித்து வருகிறது.

சபைக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

யாழ்ப்பாணம் 1949இல் மாநகரமானது. மாநகர சபைகளுக்கு 1947ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், நகர சபைகளுக்கு 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டமும் அடிப்படையாக உள்ளன. இவற்றின் கீழ் ஆக்கப்படும் உபவிதிகள் மூலமே சபைகள் விளம்பரங்களுக்கு அனுமதி வழங்குகின்றன, கட்டணம் அறவிடுகின்றன, அனுமதியற்றவற்றை அகற்றுகின்றன.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரே நகரத்துக்குள் எல்லா வீதிகளும் சபைக்குச் சொந்தமானவை அல்ல. ஏ9 வீதியான கண்டி வீதி போன்ற பெருந்தெருக்கள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன. சில வீதிகள் மாகாணத்தின் வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியவை. ஒழுங்கைகளும் உள்வீதிகளுமே சபைக்கு உரியவை. மின்கம்பம் மின்சாரம் விநியோகிக்கும் நிறுவனத்தின் சொத்து, தொலைபேசிக் கம்பம் தொலைபேசி நிறுவனத்தின் சொத்து. ஆகவே பெருந்தெரு ஓரத்தில் நிற்கும் பலகையைப் பற்றி எழுதும்போது கடிதத்தைச் சபைக்கு முகவரியிட்டு, வீதிக்குப் பொறுப்பான நிறுவனத்துக்கும் பிரதி அனுப்புவது நல்லது. "அது எங்கள் வீதி அல்ல" என்ற பதிலைக் கேட்பதற்காக இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டியிராது.

எனது சொந்தக் காணியில் பலகை வைப்பதற்கும் அனுமதி தேவையா?

தேவை. பலகை பொதுவீதியிலிருந்து தெரியும் என்றால் காணி யாருடையது என்பது அனுமதியின் தேவையை நீக்காது. இரும்புச் சட்டத்தில் உயர்த்தி நிறுத்தும் பெரிய பலகை ஒரு கட்டுமானமாகவே கருதப்படும் என்பதால், 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின் கீழான அபிவிருத்தி அனுமதிக்கும் அது உட்படலாம். வீட்டுக் கூரையையோ வளவின் மூலையையோ மாத வாடகைக்கு விடுமாறு விளம்பர நிறுவனமொன்று உங்களிடம் கேட்டால், வாடகைத் தொகையைப் பேசுவதற்கு முன்னர் அனுமதிப் பத்திரத்தையும் பொறியியலாளரின் சான்றையும் கேளுங்கள். பலகை விழுந்தால் பாதிக்கப்பட்டவர் முதலில் தேடி வருவது காணிக்காரரைத்தான்.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மும்பையின் காட்கோபர் பகுதியில் 2024 மே 13 அன்று வீசிய புயற்காற்றில் ஒரு மாபெரும் விளம்பரப் பலகை எரிபொருள் நிலையத்தின் மீது சரிந்து 17 பேர் உயிரிழந்தனர். அந்த மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. விழுந்த பலகையோ ஏறத்தாழ 120 அடிக்கு 120 அடி. அது ரயில்வே காவல்துறையின் காணியில் நின்றது, தன்னிடம் அனுமதி பெறப்படவில்லை என்று மாநகராட்சி சொன்னது. காணி ஒருவருக்கும் வீதி இன்னொருவருக்கும் அனுமதி மூன்றாமவருக்கும் உரியதாகும்போது எவரும் பார்க்காமல் விடும் இடைவெளி உருவாகிறது. எங்கள் பெருந்தெருக்களிலும் அதே இடைவெளி இருப்பதால்தான், சோளகக் காற்று தொடங்கும் முன்னரும், கார்த்திகை மழைக்கு முன்னரும் ஒவ்வொரு சபையும் தனது எல்லைக்குள் உள்ள உயரமான பலகைகளை, அவை யாருடைய காணியில் நின்றாலும், ஒருமுறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று நான் சபை உறுப்பினர்களிடம் கேட்டு வருகிறேன்.

கடையின் பெயர்ப்பலகைக்கும் இது பொருந்துமா?

கடைச் சுவரோடு ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகைக்கும், வீதியை நோக்கி நீட்டப்படும் பலகைக்கும், நடைபாதையில் காலையில் வைத்து மாலையில் எடுக்கும் பலகைக்கும் சபைகள் வெவ்வேறு விதிகளை வைத்திருக்கலாம். நடைபாதைப் பலகையைத் தற்காலிகமானது என்று பலர் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வெண்பிரம்புடன் நடப்பவருக்கும் சக்கர நாற்காலியில் செல்பவருக்கும் அந்தப் பலகை நாள் முழுவதும் நிற்கும் சுவராகவே இருக்கிறது.

கண்ணீர் அஞ்சலிப் பதாதைகளும் வாழ்த்துப் பதாதைகளும் விளம்பரமா? அவற்றையும் அகற்றச் சொல்லலாமா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். அதிகம் தயக்கத்துடன் கேட்கப்படும் கேள்வியும் இதுதான். இறந்தவரின் படத்தோடு சந்தியில் கட்டப்படும் அஞ்சலிப் பதாதை, பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைக்குச் சனசமூக நிலையம் கட்டும் வாழ்த்து, புதிதாகப் பதவியேற்றவருக்கு ஆதரவாளர்கள் கட்டும் வரவேற்பு ஆகிய மூன்றும் எங்கள் ஊரின் வாழ்க்கையோடு கலந்தவை. விற்பனை நோக்கம் இல்லை என்பதற்காக அவை விதிக்கு வெளியே போய்விடுவதில்லை. பொதுவீதியில், பொதுக் கம்பத்தில் கட்டப்படும் எதற்கும் அந்த வீதிக்கும் கம்பத்துக்கும் உரியவரின் அனுமதி வேண்டும்.

சென்னையின் பள்ளிக்கரணையில் 2019 செப்டெம்பரில், அரசியல்வாதி ஒருவரின் குடும்பத் திருமணத்துக்காக வீதியின் நடுவே கட்டியிருந்த பதாகை ஸ்கூட்டரில் வேலையிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த இளம்பெண் மீது விழுந்தது; அவர் நிலைகுலைந்து விழ, பின்னால் வந்த தண்ணீர் லொறி அவர் மீது ஏறியது. தமிழ்நாட்டில் பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்க 1959 முதலே சட்டம் இருக்கிறது, சென்னை உயர் நீதிமன்றமும் பதாகைகள் குறித்துப் பலமுறை உத்தரவிட்டிருக்கிறது. அவ்வளவும் இருந்தும் அந்தப் பதாகை வாழ்த்து என்ற பெயரால் அங்கே நின்றது.

எங்கள் ஒழுங்கை வாசலில் ஒரு அஞ்சலிப் பதாதை ஏழு மாதங்கள் இருந்தது. அதில் இருந்தவர் எங்களுக்கு நன்கு தெரிந்த, எல்லோரும் மதித்த பெரியவர். வெயிலில் மை வெளுத்து, அவருடைய முகம் முதலில் நீலமாகி, பின்னர் கண்ணாடியின் வட்டங்கள் மட்டும் மிஞ்சியது. ஒழுங்கையிலிருந்து வீதிக்கு ஏறுகிற துவிச்சக்கர வண்டிக்காரருக்கு வலப்பக்கம் வருகிற வாகனம் தெரியாது. ஒருநாள் பாடசாலைப் பிள்ளையொன்று முச்சக்கர வண்டியில் மோதப்பட்டுக் கையில் கீறலோடு தப்பியது. அதன் பின்னர் நாங்கள் சபைக்குப் போகவில்லை. அந்தக் குடும்பத்திடம் போனோம். மகன் அன்று மாலையே தகப்பனின் பதாதையைத் தன் கையால் அவிழ்த்து மடித்துக்கொண்டு போனார். அஞ்சலி என்றால் முப்பத்தோராம் நாள் வரை, வாழ்த்து என்றால் இரண்டு வாரம், அதுவும் சந்தி வளைவிலிருந்து விலகி என்று சனசமூக நிலையங்கள் தாங்களே தீர்மானித்து, கட்டும்போதே அகற்றும் திகதியைப் பதாதையின் மூலையில் அச்சிடலாம். எங்கள் ஊரில் இப்போது அப்படித்தான் செய்கிறோம்.

தேர்தல் காலத்தில்?

தேர்தல் சட்டங்கள் இதில் கடுமையானவை. 1981ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டத்தின்படி, வேட்புமனுக் காலம் தொடங்கிய நாளிலிருந்து வாக்கெடுப்புக்கு அடுத்த நாள் வரை, பொதுமக்கள் செல்லும் இடங்களில் வேட்பாளரின் படம், சின்னம், சுவரொட்டி ஆகியவற்றைக் காட்சிப்படுத்த முடியாது. கொடிகளையும் பதாதைகளையும் தனியார் வளவுகளில்கூடக் கட்ட முடியாது. வேட்பாளர் பயணிக்கும் வாகனம், கூட்டம் நடக்கும் நாளில் அந்த இடம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. முறைப்பாட்டைப் பொலிஸ் நிலையத்திலும் மாவட்டத் தேர்தல்கள் அலுவலகத்திலும் செய்யலாம். உங்கள் மதிலில் அனுமதியின்றி ஒட்டினால் அது எந்தக் காலத்திலும் குற்றமே.

மரங்களில் ஆணியடித்து விளம்பரம் மாட்டுகிறார்களே?

வீதியோர மரம் வீதிக்கு உரியவரின் பொறுப்பில் உள்ள பொதுச் சொத்து. எங்கள் வீதியில் நிற்கும் ஒரு வேம்பைச் சென்ற தைப்பொங்கலுக்கு முன் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு ஆள் உயரத்துக்குள் இருபதுக்கு மேற்பட்ட ஆணிகள். புதியவை பளபளத்தன, பழையவற்றைச் சுற்றிப் பட்டை வீங்கி, ஆணித் தலையைப் பாதி விழுங்கியிருந்தது, இரண்டு இடங்களில் பிசின் கசிந்து கறுத்திருந்தது. மாட்டியிருந்த தகரங்களில் மூன்று கடன் தருவதாகவும் இரண்டு வீட்டுக்கு வந்து பாடம் சொல்லித் தருவதாகவும் சொல்லின. அவை ஒவ்வொன்றிலும் தொலைபேசி இலக்கம் இருந்தது. சட்டவிரோத விளம்பரங்களில் பொறுப்பாளியைக் கண்டுபிடிப்பது இவ்வளவு எளிதாக இருப்பது இங்கேதான். படமெடுத்து, மரம் நிற்கும் இடத்தைக் குறித்து, சபைக்கு எழுதுங்கள்.

ஏமாற்று விளம்பரம் என்று சட்டம் எதைச் சொல்கிறது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, வியாபாரி எவரும் நுகர்வோரைப் பிழையாக வழிநடத்துகிற அல்லது ஏமாற்றுகிற, அவ்வாறு செய்யக்கூடிய எந்த நடத்தையிலும் ஈடுபடலாகாது என்கிறது. 31ஆம் பிரிவு, பொருளின் தரம், உள்ளடக்கம், புதியதா பழையதா என்பது, விலை, பயன், உத்தரவாதம், அங்கீகாரம் போன்றவை பற்றிப் பொய்யான கூற்றுச் செய்வதைத் தடுக்கிறது. வியாபாரி என்ற சொல்லில் கட்டணம் பெற்றுச் சேவை வழங்குபவரும் அடங்குவார்.

"ஏமாற்றக்கூடிய" என்ற சொல்லை இரண்டு முறை படியுங்கள். எவராவது உண்மையில் ஏமாந்து பணத்தை இழந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சாதாரண வாசகர் ஒருவரைப் பிழையான எண்ணத்துக்குக் கொண்டுபோகும் தன்மை விளம்பரத்தில் இருந்தாலே போதும். ஆகவே "பெரிய எழுத்தில் சொன்னதைச் சின்ன எழுத்தில் திருத்தியிருக்கிறோம்" என்ற விளக்கம் எப்போதும் கைகொடுக்காது.

தீபாவளிக்கு 50 வீதம் விலைக்கழிவு என்று எழுதிவிட்டு, விலையை முன்னரே உயர்த்தி வைத்திருந்தால்?

முந்தைய விலை என்று காட்டப்படும் தொகைக்கு அந்தக் கடை அந்தப் பொருளை உண்மையில் விற்றிருக்காவிட்டால், அது விலை பற்றிய பொய்க் கூற்று. நிரூபிப்பதுதான் கடினம். பண்டிகைக்கு மூன்று வாரம் முன்னர் விலைச் சீட்டைப் படமெடுத்து வைத்திருப்பவரின் முறைப்பாட்டுக்கு உயிர் இருக்கும். "50 வீதம் வரை" என்பதில் உள்ள "வரை" மிகச் சிறிதாக, வேறு நிறத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். விலைப்பட்டியலைக் காட்சிப்படுத்துவதும், கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பதும் இதே சட்டத்தின்படி வியாபாரியின் கடமைகள். கஸ்தூரியார் வீதியில் நகை வாங்குபவர்கள் பற்றுச்சீட்டில் நிறை, கரட், செய்கூலி மூன்றும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையை விட்டு இறங்கும் முன்னரே சரிபார்க்க வேண்டும்.

ஒரே மாணவியின் படம் மூன்று தனியார் கல்வி நிலையங்களின் பலகைகளில் இருக்கிறது. இது பொய் விளம்பரமா?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும் வாரத்தில் எங்கள் நகரம் முழுவதும் பிள்ளைகளின் முகங்களால் நிறைந்துவிடுகிறது. ஒன்பது பாடங்களிலும் ஏ சித்தி பெற்ற பிள்ளை ஒரு நிலையத்தில் கணிதமும் இன்னொன்றில் விஞ்ஞானமும் மூன்றாவதில் இரண்டு வாரக் கருத்தரங்கும் படித்திருக்கலாம். அப்படியானால் மூன்று பலகைகளும் முழுப் பொய் அல்ல. ஆனால் "எமது நிலையத்தின் ஒன்பது ஏ" என்று எழுதும்போது, அந்த ஒன்பதும் தங்கள் கற்பித்தலால் கிடைத்தவை என்ற எண்ணத்தைப் பெற்றோரிடம் உண்டாக்குகிறார்கள். கற்பித்தல் கட்டணம் பெற்று வழங்கும் சேவை என்பதால், 30ஆம் பிரிவைக் காட்டி முறையிடுவதற்கு இடமுண்டு என்பது எனது கருத்து. "இந்த மாணவி எம்மிடம் கணித பாடம் பயின்றார்" என்று எழுதினால் குறைசொல்ல எவராலும் முடியாது. மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள், அவர்களில் எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்பதையும் எழுதினால் பெற்றோருக்கு உண்மையில் பயன்படும் தகவல் கிடைக்கும். அப்படி எழுதிய ஒரு பலகையை இதுவரை நான் காணவில்லை.

பிள்ளையின் படத்தைப் போடுவதற்குப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதத்தைக் கேட்பது குறைந்தபட்ச மரியாதை. என் நண்பர் ஒருவரின் மகள், தன் முகத்தைத் தாங்கிய பலகை இருந்த சந்தியைத் தவிர்த்து ஒரு மாதம் சுற்றுவழியில் பாடசாலை போனாள்.

தொழிற்பயிற்சி வழங்கும் நிறுவனங்களின் நிலை வேறு. அவை 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். "அரச அங்கீகாரம் பெற்றது" என்று பலகை சொன்னால், பதிவு இலக்கத்தைக் கேளுங்கள்.

"விசா நூறு வீதம் உறுதி" என்ற விளம்பரங்கள்?

விசா வழங்குவதா மறுப்பதா என்பதை அந்தந்த நாட்டின் அரசே தீர்மானிக்கிறது; யாழ்ப்பாணத்தில் இருக்கும் எந்த ஆலோசனை நிலையமும் அதை உறுதிசெய்ய முடியாது. ஆகவே அந்த வாக்கியம் எழுதப்பட்ட கணத்திலேயே பொய்யாகிறது. காணியை ஈடுவைத்துப் பணம் கட்டும் குடும்பங்களை நான் நேரில் அறிந்திருப்பதால், இந்த ஒரு வகை விளம்பரத்தைப் பற்றி மட்டும் என்னால் நிதானமாகப் பேச முடிவதில்லை.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பது 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் பெற்றவர்களால் மட்டுமே செய்யக்கூடியது. விளம்பரத்தில் உரிம இலக்கம் இல்லாவிட்டால் பேச்சையே தொடங்க வேண்டாம். இலக்கம் இருந்தால், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்று பணியகத்தின் 1989 என்ற இலக்கத்தில் கேட்கலாம். மாணவர் விசா ஆலோசனை வேறு விடயம் என்று சொல்லி, அதன் மறைவில் வேலை வாக்குறுதி தருபவர்களிடம் அவதானமாக இருங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் எதற்கான பணம் என்று எழுதிய பற்றுச்சீட்டை வாங்குங்கள்.

உணவு, மருந்து விளம்பரங்களை யார் கவனிக்கிறார்கள்?

உணவை ஏமாற்றும் வகையில் சுட்டுத்துண்டு இடுவதையும் விளம்பரம் செய்வதையும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கிறது. உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். மருந்துகளை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின் அனுமதியின்றி விளம்பரப்படுத்த முடியாது. "சர்க்கரை நோயை வேரோடு நீக்கும்" என்ற துண்டுப்பிரசுரத்தை நம்பி, யாழ். போதனா வைத்தியசாலை கொடுத்த மாத்திரைகளை நிறுத்தியவர்கள் எங்கள் அயலிலேயே இருக்கிறார்கள். பொய் விளம்பரம் பணத்தோடு நின்றுவிடாத துறை இது.

புகையிலை, மதுசார விளம்பரங்கள் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. விளையாட்டுப் போட்டிக்கான அனுசரணையும் அதில் அடங்கும் என்பதைக் கழகங்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.

முறைப்பாட்டை எப்படி எழுதுவது?

என் அனுபவத்தைச் சொல்கிறேன். வீட்டுக் கிணற்றுக்கு நீர் இறைக்கும் மோட்டர் ஒன்று வாங்கினேன். "முழுவதும் செப்புச் சுற்று" என்று கடையின் பதாதையிலும் துண்டுப்பிரசுரத்திலும் எழுதியிருந்தது. மூன்றாம் வாரம் அது சூடாகி நின்றது. திருத்துபவர் மூடியைக் கழற்றி, சிவப்பாகத் தெரிந்த சுற்றுக் கம்பியைக் கத்தி முனையால் இரண்டு தரம் சுரண்டினார். சிவப்பு வார்னிஷ் உதிர்ந்து, உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தது. கடையில் கேட்டபோது, இறக்குமதியாளர் சொன்னதைத்தான் எழுதினோம் என்றார்கள். பதாதையைப் பற்றிய குறைதானே என்று எண்ணி உள்ளூராட்சி அலுவலகமொன்றில் கடிதம் கொடுத்து இரண்டு மாதம் காத்திருந்தேன். அங்கிருந்த உத்தியோகத்தர் பொறுமையாக விளக்கிய பின்னரே, பதாதைக்கு அனுமதி சரியாக இருக்கிறது, அதில் எழுதியது அவர்களுடைய விடயமல்ல என்பது எனக்கு விளங்கியது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். எனக்கு எஞ்சியிருந்தது ஆறு நாட்கள். பதாதையோ ஏற்கெனவே மாற்றப்பட்டுவிட்டது. அம்மா அலுமாரித் தட்டில் விரித்திருந்த துண்டுப்பிரசுரம்தான் சான்றாகியது. அதையும் பற்றுச்சீட்டின் பிரதியையும் திருத்துபவரின் எழுத்து மூலக் குறிப்பையும் சேர்த்து, மாவட்டச் செயலகத்தில் உள்ள அதிகார சபையின் அலுவலகத்தில் கொடுத்தேன். விசாரணைக்கு அழைக்கப்பட்ட அன்று கடைக்காரர் வேறு மோட்டர் தருவதாக ஒப்புக்கொண்டார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, நட்டஈடு வழங்கவோ உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு.

ஆகவே விளம்பரத்தை அன்றே படமெடுங்கள். அது நாளை இராது. கடிதத்தில் விளம்பரம் சொன்ன வாக்கியத்தை அப்படியே மேற்கோளாக எழுதி, அதன் கீழே நடந்ததை எழுதுங்கள். கோபத்தை விவரிக்கும் பந்திகள் தேவையில்லை. பிரதியொன்றில் பெற்றுக்கொண்ட திகதியுடன் முத்திரை வாங்குங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

ஒரு பலகைக்கு அனுமதி இருக்கிறதா என்று சபை சொல்ல மறுத்தால்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி சபைகளுக்கும் பொருந்தும். தகவல் அலுவலருக்கு எழுதி, குறிப்பிட்ட இடத்தில் உள்ள பலகைக்கு அனுமதி வழங்கப்பட்டதா, எப்போது முடிவடைகிறது, எவ்வளவு கட்டணம் செலுத்தப்பட்டது என்று கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை.

சட்டவிரோதப் பதாதையை நானே கிழித்து எறியலாமா?

உங்கள் மதிலில் ஒட்டியதை நீக்கலாம். பொது இடத்தில் உள்ளதைத் தொட வேண்டாம். அது சண்டையில் முடியும், மின்கம்பமானால் உயிராபத்திலும் முடியும்.

விளம்பரங்களை முற்றாகத் தடைசெய்த நகரங்கள் உண்டா?

பிரேசிலின் சாவோ பாவ்லோ 2006இல் சட்டமியற்றி, 2007 தொடக்கத்திலிருந்து வீதியோர விளம்பரப் பலகைகளை முற்றாக அகற்றியது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை வைக்க அனுமதி உண்டு; ஆனால் அளவு கட்டடத்தின் முகப்போடு பிணைக்கப்பட்டது. 10 மீற்றருக்குக் குறைந்த முகப்புக்கு ஒன்றரைச் சதுர மீற்றர் மட்டுமே. யாழ்ப்பாணத்துக்கு முழுத் தடை பொருந்தும் என்று நான் நினைக்கவில்லை. சபைக்கு வருமானம் வேண்டும், சிறு வியாபாரிக்கு வாடிக்கையாளர் வேண்டும். ஆனால் முகப்பின் அகலத்துக்கேற்ற அளவு என்ற விதியை எங்கள் சபைகள் எடுத்துக்கொள்ளலாம். அளவுநாடா வைத்திருக்கும் எவரும் சரிபார்க்கக்கூடிய விதி அது.

நான் சிறு கடை நடத்துகிறேன். பிழை விடாமல் விளம்பரம் செய்ய என்ன செய்ய வேண்டும்?

பதாதை அச்சிடும் கடைக்குப் போகும் முன்னர் சபைக்குப் போங்கள். அச்சிட்ட பின் அளவு பிழை என்று தெரிந்தால் பணம் வீண். அனுமதி இலக்கத்தையும் முடிவுத் திகதியையும் பலகையின் கீழ் மூலையில் அச்சிடுங்கள். விலைக்கழிவு என்றால் எந்தப் பொருளுக்கு, எந்தத் திகதி வரை என்று அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். இலங்கைத் தரநிலையைக் குறிக்கும் எஸ்.எல்.எஸ். இலச்சினையை அனுமதி பெற்ற பொருளைத் தவிர வேறெதற்கும் பயன்படுத்தாதீர்கள். விநியோகிப்பவர் சொன்ன தரத்தை உங்கள் பலகையில் எழுதுவதானால், அதை அவரிடம் கடிதமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மோட்டர் விற்ற கடைக்காரரிடம் விசாரணை அன்று அப்படியொரு கடிதம் இருக்கவில்லை. காலம் முடிந்த பதாதையை அவிழ்க்கும்போது கயிற்றையும் கம்பித் துண்டுகளையும் சேர்த்து எடுத்துவிடுங்கள்.